ரிப்பேருக்கு வராத லேப்டாப்

பிரோட் ஊர்க்காரர்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள் என்று செர்பியா முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் காலுறை பின்னுவார்களாம், காலுறை கிழிந்தால் அதை வைத்துப் பாத்திரம் தேய்ப்பார்களாம். இதெல்லாம் நிஷ் நகரத்துக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று பிரோட்டில் யாரும் ஒத்துக்கொள்வதுமில்லை, மறுப்பதுமில்லை. ஆனால் திஹோமிரைப் பொறுத்தவரை அது கதையே இல்லை. அவன் வீட்டின் இரண்டாவது அறையில் கட்டில் போட இடமில்லாமல் இருபத்தாறு பழைய லேப்டாப்கள் அடுக்கியிருந்தன.

திஹோமிருக்கு நகராட்சியின் வெந்நீர் நிலையத்தில் வேலை. குளிர்காலத்தில் ஊர் முழுக்கக் குழாயில் சூடு அனுப்பும் கொதிகலனைப் பார்த்துக்கொள்வான். மற்ற நேரமெல்லாம் லேப்டாப்தான். ஜெர்மனியில் அலுவலகங்கள் மூன்று வருஷம் ஓட்டிக் கழித்துவிட்ட மெஷின்களை வேனில் ஏற்றிக்கொண்டு வரும் ஒருவனை நிஷ்ஷில் பிடித்துவைத்திருந்தான். அவனிடமிருந்து பொறுக்கியெடுத்து, தூசு தட்டி, விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டு, நூலகத்துக்கும் இரண்டு கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் சர்ச் பாதிரியாருக்கும் கொடுத்திருந்தான். லேப்டாப் தேர்ந்தெடுப்பதில் அவனுக்கென்று ஒரு சட்டம் உண்டு. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கு, நெளிந்தால் வைத்துவிடு. கீபோர்டின் நடுவில் அமுக்கு, பள்ளம் விழுந்தால் வைத்துவிடு. பின்பக்கத்தை ஒரே ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியவில்லையா, அதைச் செய்தவனே ரிப்பேர் பண்ண வேண்டாமென்று நினைத்துத்தான் செய்திருக்கிறான். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவன் படட்டும்.

"நல்ல லேப்டாப்னா என்ன தெரியுமா? ஒரு தடவை கொடுத்தா, அதுக்கப்புறம் அது என் வாசலை மிதிக்கக் கூடாது. நீங்க எனக்கு போன் பண்ணவே தேவையிருக்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொல்வான். சொல்லும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

அவனுடைய தங்கை நெவெனாவின் கணவன் வெலிபோர். பிரோட் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாகப் பதினெட்டு வருஷம் இருந்தவன். மூன்றாம் நடைமேடையிலிருந்து நிஷ் செல்லும் பஸ் என்று அவன் சொன்னால், நிஷ்ஷுக்குப் போகிற வேலை இல்லாதவனும் ஒரு நிமிஷம் நிற்பான். அப்படி ஒரு குரல். கல்யாண வீடுகளில் அவனை மேஜைமேல் ஏற்றிப் பஸ் நேரங்களைச் சொல்லச் சொல்வார்கள். அவனுக்கும் அந்தக் குரல்மேல் தலைகால் புரியாத பெருமை. சளி பிடித்தால் லீவு போட்டுவிடுவான்.

நாற்பத்து மூன்று வயதில் அவனுக்கு அந்த நோய் வந்தது. நரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து, கை கால், நாக்கு, தொண்டை என்று ஒவ்வொன்றாக விட்டுப்போகும் நோய். நிஷ் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முதலில் குரல் போகும் என்றும் சொன்னார். வெலிபோர் அன்று சாயங்காலமே திஹோமிரிடம் வந்து மைக் ஒன்று இரவல் கேட்டான்.

"எதுக்கு மச்சான்?"

"இஸ்க்ராவுக்கு. அவ ஸ்கூல் சேர்றப்ப ஒண்ணு, பதினெட்டு வயசுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு. இன்னும் கொஞ்சம் இருக்கு. நான் போன பிறகுதான் யாரும் கேக்கணும். முன்னாடி கேட்டா என்னால தாங்க முடியாது."

மகள் இஸ்க்ராவுக்கு அப்போது நாலு வயது. படுக்கையறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பதினோரு நாள் வெலிபோர் தன் லேப்டாப்பில் பதிவு செய்தான். உள்ளே என்ன பேசினான் என்று நெவெனாவுக்கும் தெரியாது. வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். குழந்தையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நேராகப் பால்கனிக்குப் போய்விடுவான்.

ஒன்றரை வருஷத்தில் டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. பிறகு வெலிபோரிடம் மிச்சம் இருந்தது கண்ணும் வலதுகை ஆள்காட்டி விரலும்தான். திஹோமிர் ஒரு பொத்தான் செய்துகொடுத்தான். லேப்டாப் திரையில் எழுத்துகள் வரிசையாக நகரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலால் பொத்தானை அமுக்க வேண்டும். வாக்கியம் முடிந்ததும் மெஷின் அதைப் படித்துச் சொல்லும். தண்ணீர் வேண்டுமென்று சொல்ல ஒன்றரை நிமிஷம் ஆகும்.

அந்த லேப்டாப் எட்டு வருஷப் பழசு. மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் ஒரு நாள் வெலிபோருக்குத் தொண்டையில் சளி அடைத்துக்கொண்டது. சொல்ல முயன்றான். பாதி வார்த்தையில் மெஷின் உறைந்துவிட்டது. நெவெனா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தவள் நீலம் பாய்ந்த முகத்தைப் பார்த்தாள். அன்று பிழைத்துக்கொண்டான்.

"நாளைக்கே கடைக்குப் போயி புதுசு வாங்கறேன். பஸ் நிலையத்துல எல்லாரும் சேர்ந்து கொடுத்த பணம் அப்படியே இருக்கு" என்றாள் நெவெனா.

"எந்தக் கடையில? அந்த மால்லயா? தகரத்துக்குப் பெயின்ட் அடிச்சு வித்துக்கிட்டிருப்பான். மூடியைத் தொறந்தா கீல் கையோட வந்துரும்."

"அண்ணா, உன் வியாக்கியானத்தைக் கேக்கற நிலைமையில நான் இல்லை. அது நிக்கக் கூடாது. அவ்வளவுதான். ஒரு செகண்டுகூட நிக்கக் கூடாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்! என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஜெர்மன்காரன் பாங்க்ல ஓடினது. மேல காபியைக் கொட்டினாகூட அடியில வழிஞ்சு போயிரும். ரெண்டு பாட்டரி. கரண்ட் போனாலும் ஒன்பது மணி நேரம் ஓடும். லினக்ஸ் போட்டா அதை நீ அணைக்கவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்."

நெவெனா வெலிபோரைப் பார்த்தாள். திரையில் எழுத்துகள் நகர்ந்தன. இருவரும் காத்திருந்தார்கள். "அண்ணன் பேச்சைக் கேளு" என்றது மெஷின். சிறிது நேரம் கழித்து, "பிரோட்காரன். ஓசியா தர்றான். விடாதே" என்றும் சொன்னது. நெவெனா அழுதுகொண்டே சிரித்தாள்.

திஹோமிருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய மெஷினை வாங்கினாலும் அழிப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டுவான். எது வேண்டும், எது எங்கே இருக்கிறது என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்வான். பாதிரியாரைக்கூட விடவில்லை, அவரிடமும் கையெழுத்து வாங்கினான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் காகிதத்தை நீட்டவில்லை. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறவனிடம் போய் பட்டியல் கேட்பதா என்று மனசு கேட்கவில்லை. நம் வீட்டு மெஷின்தானே, நமக்குத் தெரியாததா என்றும் நினைத்தான்.

வெலிபோரின் பெயரில் இருந்த கோப்புறையை முழுசாகப் பிரதி எடுத்தான். படங்கள், கடிதங்கள், பஸ் நேர அட்டவணைகள் எல்லாம் இருந்தன. பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் வட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்பு அவனே வாங்கிப் போட்டது. இன்னும் பத்து வருஷம் உழைக்கும். அதைச் சும்மா விட ஒரு பிரோட்காரனுக்கு மனசு வருமா? கழற்றிப் புதிய மெஷினில் பொருத்தினான். லினக்ஸ் நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. அவன் வாழ்க்கையில் முந்நூறு தடவை பார்த்த கேள்வி. படிக்காமலே ஆமாம் என்று அமுக்கிவிட்டு, நெவெனா வைத்த காபியைக் குடிக்கப் போனான்.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. சத்தமே இல்லை. குரல் மட்டும் வேறு. லினக்ஸில் கிடைத்த செர்பியக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல், தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"மச்சான்" என்றது அந்தக் குரல் முதல் தடவை. பிறகு இருபது நிமிஷம் எழுத்துகள் நகர்ந்தன. "பதினெட்டு வருஷம் மைக் பிடிச்சேன். கடைசியில எனக்கு வரிவசூல் பண்றவன் குரலைக் கொடுத்திருக்கே."

"கொஞ்சம் பழகிக்க மச்சான். வேற குரல் தேடித் தர்றேன்."

தேடினான், கிடைக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. மெஷின் தானாகவும் பேசும்; கீபோர்டில் அதைப் பேசச் சொல்லும் பொத்தானுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான் திஹோமிர். இஸ்க்ரா அதை அமுக்குவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். அப்பா எழுதி முடித்ததும் கண்ணால் காட்டுவான், இவள் ஓடிவந்து அமுக்குவாள். தொப்பி போட்டுக்கோ, பல் தேய்ச்சியா என்றெல்லாம் அந்தத் தகரக் குரல் கேட்கும். போட்டேன் அப்பா, தேய்ச்சேன் அப்பா என்று மெஷினைப் பார்த்துப் பதில் சொல்வாள். மெஷின் எங்காவது தடுமாறினால் கண்டுபிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று, அது பேசுகிற ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பில் தானாக எழுதப்படும்படி திஹோமிர் முதல் வாரமே செய்துவைத்தான். மெஷின் ஒருநாளும் தடுமாறவில்லை. அந்தக் கோப்பை அவன் மறந்தே போனான்.

ஏப்ரலில் ஒரு மதியம். நெவெனா மருந்து வாங்கப் போயிருந்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திஹோமிர் மச்சானுக்குச் சவரம் செய்து, கன்னத்தைத் துடைத்துவிட்டான். வெலிபோர் அதை மெஷினில் கேலி செய்தான். எழுத்துகள் மறுபடி நகர ஆரம்பித்தன.

"கதவைச் சாத்து" என்றது மெஷின்.

சாத்தினான்.

"டி எங்கே."

திஹோமிருக்கு முதலில் புரியவில்லை. ஒரு நொடிதான். அப்புறம் எல்லாம் நினைவுக்கு வந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு நெவெனாவின் கல்யாணத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவன் திஹோமிர்தான். அப்போது எல்லா ரிப்பேர்காரர்களும் செய்வதுபோல வட்டை இரண்டாகப் பிரித்தான். ஒன்று சி, இன்னொன்று டி. "மச்சான், நல்லாக் கேட்டுக்க. சி என்னிக்கு வேணா செத்துப்போகும். எவன் வந்து ரிப்பேர் பண்ணாலும் அதைத்தான் அழிப்பான். உயிரா நினைக்கறதையெல்லாம் டி-யில வை. டி-யில எவனும் கை வைக்கமாட்டான்" என்று சொன்னான். வெலிபோர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அடுத்தடுத்து வந்த லேப்டாப்களிலும் திஹோமிரே அப்படிப் பிரித்துக் கொடுத்தான். பெயருக்குரிய கோப்புறை இருந்தது சி-யில். பதினோரு நாள் பதிவும் டி-யில்.

"இருக்கு மச்சான், வீட்ல இருக்கு. பிரதி எடுத்து வச்சிருக்கேன், தேடித் தர்றேன்" என்று திஹோமிர் உளறினான்.

"தேடு."

மூன்று நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தேடினான். வட்டில் இப்போது இருந்ததையெல்லாம் அதே மாதிரி வேறொன்றில் பிரதி எடுத்து அங்கே பொருத்திவிட்டு, அதைத் திரும்ப எடுத்துவந்து, தெரிந்த நிரல் எல்லாம் ஓட்டிப் பார்த்தான். பழைய சுழலும் வட்டாக இருந்தால் சுரண்டியாவது கொஞ்சம் எடுத்திருக்கலாம். இது புது மாதிரி. அழிக்கச் சொன்னால் அழித்தே விடும். பெல்கிரேடில் இப்படி மீட்டுத் தரும் ஒருவனுக்குப் போன் போட்டான். அவன் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, வீணாக பஸ் டிக்கெட் எடுத்து வராதே என்றான். எத்தனை நல்ல வட்டு அது என்று திஹோமிர் பெருமைப்பட்ட அதே குணம்தான் இப்போது அவன் கழுத்தை அறுத்தது.

நான்காம் நாள், நெவெனா வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் போய்ச் சொன்னான். சொல்லி முடிக்க முடியாமல் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். வெலிபோரின் கண் மூடியிருந்தது. இமைக்கு வெளியே தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைத்துக்கொள்ள அவனால் முடியாது. திஹோமிரும் துடைக்கத் துணியவில்லை.

விரல் அசைந்தது.

"அழாதே மச்சான்."

"என்னைத் திட்டு. நாலு கெட்ட வார்த்தை எழுது, வாசிக்கறேன். இல்லாட்டி இப்பவே ஆரம்பிக்கலாம், ஒரு நாளைக்கு ஒரு வரி. இஸ்க்ராவுக்கு எழுதுவோம். நான் பக்கத்துலயே இருக்கேன்."

"இந்தக் குரல்லயா. வேணாம்."

அதற்குப் பிறகு அவன் எழுதத் தொடங்கியது நீளமாக இருந்தது. எழுத்துகள் ஓடுகின்றன, நிற்கின்றன, தவறுகின்றன, அழிகின்றன, மறுபடி ஓடுகின்றன. நெவெனா வந்துவிடுவாளோ என்று திஹோமிர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வரப்போகிறது என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. வேண்டாம் மச்சான் என்று சொல்லிப் பொத்தானைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், முழுசாக எழுதி முடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். அதை அவன் தன்னிடமே ஒத்துக்கொள்ள நெடுநாள் ஆயிற்று.

நாற்பது நிமிஷம் கழித்து மெஷின் பேசியது.

"நெவெனாகிட்ட சொல்லாதே. நானே அழிச்சிட்டேன்னு சொல்லு. குரல் குழறுச்சு. பிடிக்கலை. அழிச்சிட்டேன். நான் போயிடுவேன். என்மேல கோவப்படட்டும். அவளுக்கும் குழந்தைக்கும் நீ வேணும். சரியா."

"சரி" என்றான் திஹோமிர்.

"மூக்கு அரிக்குது" என்றது மெஷின்.

திஹோமிர் எழுந்து அவன் மூக்கைச் சொறிந்துவிட்டான்.

ஆகஸ்டில் அந்த விரலும் நின்றுபோனது. நவம்பரில், ஊரில் வெந்நீர்க் குழாய்கள் சூடாகத் தொடங்கிய வாரம், வெலிபோர் செத்துப்போனான். பஸ் நிலையத்தில் அன்றைக்குக் காலை ஒரு மணி நேரம் எந்த அறிவிப்பும் செய்யவில்லை. ஜனங்கள் தாங்களாகவே பஸ்ஸைத் தேடி ஏறிக்கொண்டார்கள்.

நாற்பதாம் நாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, சர்க்கரையும் வால்நட்டும் கலந்த வேகவைத்த கோதுமையை எல்லோருக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்துவிட்டு, நெவெனா அண்ணனை மட்டும் வீட்டுக்குள் கூப்பிட்டாள். கறுப்புத் துணியைக்கூடத் தலையிலிருந்து எடுக்கவில்லை.

"இப்பக் கேக்கலாம்ல? இஸ்க்ராவுக்குன்னு வச்சிட்டுப் போனது. ஸ்கூலுக்குண்டான ஒண்ணை மட்டும் நான் முதல்ல கேட்டுக்கறேன். எடு அண்ணா."

திஹோமிர் மனப்பாடம் செய்ததைச் சொன்னான். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அதைத் துக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"அழிச்சிட்டானா?" என்றாள் நெவெனா. "அவனேவா?"

"குரல் குழறியிருந்துச்சாம். அவனுக்குப் பிடிக்கலை."

"பிடிக்கலையா." வெலிபோரின் படத்தைப் பார்த்து அவள் குரல் ஏறியது. "பஸ் ஸ்டாண்டு ராஜாவுக்குப் பிடிக்கலை! குழறினா என்னடா? அவ உன் பொண்ணுடா, கச்சேரி கேக்க வந்தவளா? ரெண்டு வருஷம் இவனுக்கு மலம் அள்ளினேன் நான். முகம் சுளிச்சேனா? ஒரு வார்த்தை, அந்தக் குழந்தைக்கு ஒரே ஒரு வார்த்தை விட்டுட்டுப் போக மனசு வரலையே!"

மேஜைமேல் இருந்த அவன் படத்தைக் கவிழ்த்துவைத்தாள். பக்கத்தில் எரிந்த மெழுகுவத்தியை விரலாலேயே நசுக்கி அணைத்தாள். திஹோமிர் வாயைத் திறந்தான். கறுப்புத் துணிக்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நெவெனா கல்லறைப் பக்கம் போகவில்லை. மே மாதம் அரை வருஷப் பிரார்த்தனைக்கும் போகவில்லை. அப்படி ஒரு மனைவியை அந்தத் தெரு பார்த்ததில்லை. அவள் காதில் விழும்படியே பேசினார்கள். வெலிபோரின் தம்பி வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். படம் கவிழ்ந்தபடியே கிடந்தது. இஸ்க்ரா அதை நிமிர்த்தி வைப்பாள், இவள் கவிழ்ப்பாள். திஹோமிர் வாரம் இரண்டு நாள் வந்தான். விறகு பிளந்தான், குழாய் ஒழுகலை அடைத்தான், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் அண்ணா என்று நெவெனா சொல்லும்போதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அக்டோபர் வந்தது. ஊர் முழுக்க சிவப்பு மிளகாய் சுடும் வாசனை. நெவெனாவும் இருபது கிலோ வாங்கிச் சுட்டிருந்தாள். குளிர்காலத்துக்கு ஊறுகாய் கிளற வேண்டும். சமையலறையில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து கருகிய தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். வெலிபோரின் வருஷாந்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

"அதுக்காவது வா நெவெனா" என்றான் திஹோமிர். "குழந்தைக்காக."

"அவனுக்குக் குழந்தை நெனப்பு இருந்துச்சா? நான் மட்டும் ஏன் போகணும்?"

"செத்தவன்மேல இவ்வளவு கோவம் ஆகாது."

"உயிரோட இருக்கறவன்மேல பட்டா மட்டும் என்ன கிடைச்சிரும்? விடு அண்ணா. கையை வெட்டிக்காதே, கத்தி புதுசு."

அப்போது அடுத்த அறையிலிருந்து அந்தத் தகரக் குரல் கேட்டது.

"தண்ணி. அந்தப் பக்கம் திருப்பு. ஜன்னல்."

நெவெனாவின் கை நின்றது. பதினான்கு மாதமாக அந்தக் குரல் அந்த வீட்டில் கேட்கவில்லை.

"இஸ்க்ரா!" என்றாள். "என்னடி பண்றே?"

"அப்பா பேசறாரு அம்மா!" உள்ளேயிருந்து குழந்தை கத்தினாள். "இதுல எல்லாம் எழுதி வச்சிருக்கு! நான் படிச்சிட்டேன், எனக்கு எழுத்தெல்லாம் தெரியும்! நீலத்தை அமுக்கினேன்!"

"மெஷின் தானா எழுதி வச்சிருக்கும்" என்றான் திஹோமிர். கோப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

"இஸ்க்ரா தொப்பி போட்டுக்கோ. வெளிய குளிர். பல் விழுந்துச்சா. காட்டு. எலி வந்து எடுத்துக்கும். பயப்படாதே. நெவெனா நீயும் சாப்பிடு. பொய் சொல்றே. சாப்பிடலை."

நெவெனா கரி படிந்த கையை வாயில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கரி அப்பியது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று திஹோமிருக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை அவன் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை.

"இவ்வளவும் இருந்துச்சா?" என்றாள். "இவ்வளவும் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

கோப்பில் மார்ச் மாதம் கழிந்து ஏப்ரல் வந்துகொண்டிருந்தது. கால்பந்து மேட்ச் யார் ஜெயித்தது என்று குரல் கேட்டது. சூப்பில் உப்பு இல்லை என்றது. மச்சான் சவரம் பண்ணத் தெரியாதவன், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவன் என்றது. நெவெனா வாய்விட்டே சிரித்தாள்.

திஹோமிருக்கு அந்தச் சவரம் எந்த நாள் என்று தெரியும்.

"கதவைச் சாத்து."

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "போதும், நிறுத்தச் சொல்றேன். பாட்டரி..."

"உக்காரு" என்றாள் நெவெனா. "பேசட்டும்."

"டி எங்கே. தேடு."

சமையலறைக் கதவுக்கும் லேப்டாப் இருந்த மேஜைக்கும் நடுவில் நாலு எட்டு. ஓடிப்போய் மூடியைச் சாத்தியிருக்கலாம். இடையில் மூன்று நாள் பேச்சு ஓடியது, திஹோமிர் நின்ற இடத்திலேயே நின்றான். நாற்பது நிமிஷம் காத்திருந்து கேட்ட வாக்கியம் இப்போது ஒரே மூச்சில் வந்தது.

"அழாதே மச்சான். இந்தக் குரல்லயா. வேணாம். நெவெனாகிட்ட சொல்லாதே. நானே அழிச்சிட்டேன்னு சொல்லு. குரல் குழறுச்சு. பிடிக்கலை. அழிச்சிட்டேன். நான் போயிடுவேன். என்மேல கோவப்படட்டும். அவளுக்கும் குழந்தைக்கும் நீ வேணும். சரியா. மூக்கு அரிக்குது."

பிறகு அது தண்ணீர் கேட்டது.

நெவெனா கத்தியைக் கீழே வைத்தாள். உரித்த மிளகாய்களைத் தட்டின் நடுவுக்கு ஒதுக்கினாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"நீ அழிச்சியா?"

"மெஷின் மாத்தினப்ப. கவனிக்கலை. கேக்காம விட்டுட்டேன்."

"அது தப்பு. தெரியாம பண்ணின தப்பு. அதைச் சொல்லியிருந்தா நாலு அறை விட்டுட்டு விட்டிருப்பேன்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இதை எழுதி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாப்பது நிமிஷம்."

"அந்த நாப்பது நிமிஷமும் நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"ஒரு வருஷமா நான் அவன் படத்தைக் கவுத்து வச்சிருக்கேன். அதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தே. என் விறகைப் பொளந்துக்கிட்டு." அவள் எழுந்தாள். "சாவியை வச்சிட்டுப் போ."

திஹோமிர் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். சாவியில் மிளகாய்க் கரி ஒட்டியது. வாசல்வரை போனவன், ஏதாவது பேசவேண்டுமே என்று திரும்பினான். அவன் வாயில் வந்தது இதுதான்:

"மெஷின்ல ஏதாவது கோளாறு வந்தா..."

"வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

மறுநாள் காலை நெவெனா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கறுப்புத் துணி போட்டு, மெழுகுவத்திக் கட்டோடு கல்லறைக்குப் போனதைத் தெருவே பார்த்தது. புல்லைப் பிடுங்கிவிட்டு, மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். வருஷாந்திரத்தில் கோதுமையை அவளே கிண்டினாள். திஹோமிர் தூரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றான். யாரோ ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் பார்க்கவில்லை.

ஆயிற்று, மூன்று வருஷம். வெந்நீர் நிலையத்தில் வேலை நடக்கிறது. இரண்டாவது அறையில் லேப்டாப்கள் முப்பத்தொன்று. இப்போது பழைய வட்டு எதையும் அவன் அழிப்பதில்லை. பெயர் எழுதி டப்பாவில் போட்டுவைக்கிறான், யாரும் கேட்டு வருவதில்லை. இஸ்க்ரா தினமும் சாயங்காலம் நீலப் பொத்தானை அமுக்குகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி அவனிடம் சொன்னாள். சுவர் வழியாகக் கேட்குமாம். தொப்பி போட்டுக்கோ, வெளிய குளிர் என்று.

போன் அடித்தால் திஹோமிர் இன்னும் ஓடிப்போய்தான் எடுக்கிறான். அந்த மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.